தீவன மூட்டையில் வண்டா? மருந்துக் கடைக்குப் போகும் முன் ஈரத்தைப் பாருங்கள்

கறவை மாடு வைத்திருப்பவர்களிடமிருந்து மழைக்காலம் முடியும் தறுவாயில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "மக்காச்சோள மூட்டையில் வண்டு விழுந்துவிட்டது, தவிட்டில் புழு நெளிகிறது, என்ன மருந்து போடலாம்?" இதற்கு நான் சொல்லும் பதில் பலருக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது. மாட்டுக்கு வைக்கப்போகும் தீவனத்தின் மேல், வீட்டில் வைத்துத் தூவவோ தெளிக்கவோ எந்தப் பூச்சிமருந்தும் பரிந்துரையில் இல்லை. வயலில் பயிருக்கு மருந்து அடித்தால் அறுவடைக்கு முன் சில நாட்கள் இடைவெளி கிடைக்கிறது. மழையிலும் வெயிலிலும் மருந்தின் வீரியம் குறைகிறது. தீவன மூட்டையில் அந்த இடைவெளியே இல்லை. இன்று தூவியது நாளை மாட்டின் வயிற்றில். அடுத்த நாள் பாலில்.

அப்படியானால் வண்டு தின்றது போக மிஞ்சியதைத்தான் மாட்டுக்குப் போட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. வண்டு எப்படி வருகிறது, எதை நம்பிப் பெருகுகிறது என்று தெரிந்துகொண்டால் ஒரு சொட்டு மருந்து இல்லாமல் தீவனத்தைக் காப்பாற்றலாம். அதற்கான பொருட்கள் பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

மூட்டைக்குள் யார் இருக்கிறார்கள்?

தீவனத்தில் காணும் எல்லாவற்றையும் பொதுவாக 'வண்டு' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இவற்றில் இரண்டு வகை உண்டு. முழுத் தானியத்தைத் துளைப்பவை ஒரு வகை. உடைந்ததையும் மாவையும் தின்று வாழ்பவை இன்னொரு வகை.

முதல் வகையில் முக்கியமானது மூக்கு வண்டு. தலை முன்புறம் நீண்டு யானைத் தும்பிக்கை போல இருக்கும். இதன் பெண் வண்டு மக்காச்சோள மணியிலோ சோள மணியிலோ சிறு குழி தோண்டி, ஒரு முட்டை வைத்து, பசை போன்ற பொருளால் வாயை அடைத்துவிடும். புழு வளர்வதும் கூட்டுப்புழு ஆவதும் மணிக்கு உள்ளேதான். வெளியிலிருந்து பார்த்தால் மணி முழுதாக இருக்கும். வண்டு வெளியே வரும்போதுதான் ஓட்டை தெரியும். தானியத் துளைப்பான் என்பது 3 மில்லிமீட்டர் நீளமுள்ள, உருளை வடிவமான கரும்பழுப்பு வண்டு. இது தின்பதைவிடச் சிதைப்பது அதிகம். மூட்டையின் அடியில் மாவு மாவாகக் கொட்டிக் கிடந்தால் இதைச் சந்தேகிக்கலாம். அந்துப்பூச்சியும் முழு மணிக்குள் வளர்வதுதான். களத்திலிருந்தே தானியத்தோடு சேர்ந்து வந்துவிடும்.

இரண்டாம் வகையில் சிவப்பு மாவு வண்டு முதலிடம். அரைத்த தீவனம், தவிடு, புண்ணாக்கு, உளுந்தம்பொட்டு என எதையும் விடாது. ஆனால் உடையாத, நன்கு காய்ந்த மக்காச்சோளத்தை இதனால் எளிதில் கடிக்க முடியாது. மூக்கு வண்டு வழி திறந்துவிட்ட பிறகு இது உள்ளே வரும். இந்த வண்டு உடலிலிருந்து ஒரு காரமான திரவத்தைச் சுரக்கிறது. கூட்டம் பெருகினால் மாவு லேசாக நிறம் மாறி, மூக்கைத் துளைக்கும் வாடை அடிக்கும். மாடு அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், மாட்டுக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்ப்பதற்கு முன் தீவனத்தை ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். தவிடும் புண்ணாக்கும் நூலால் கட்டியது போலக் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால், அது அரிசி அந்துப்பூச்சிப் புழுவின் வேலை.

இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. முழு மணியாக வைத்திருக்கும் தானியம் பல மாதம் தாங்கும். அதையே அரைத்து வைத்தால் எல்லாப் பூச்சிக்கும் பந்தி விரித்தது போலத்தான். மூன்று மாதத்துக்கான தீவனத்தை ஒரே நாளில் அரைத்து அடுக்கிவிடுவது சில ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. மில் கூலியும் வண்டி வாடகையும் மிச்சமாவது உண்மை. ஆனால் வண்டு தின்பதையும் மாடு ஒதுக்குவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த மிச்சம் நிற்காது. தானியத்தை மணியாக வைத்து, 15 நாட்களுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

30 நாள் கணக்கு

நம் ஊர் வெப்பத்தில் மூக்கு வண்டு முட்டையிலிருந்து வண்டாக மாறச் சுமார் ஒரு மாதம் ஆகும். மாவு வண்டுக்கு வெப்பமும் ஈரமும் தோதாக அமைந்தால் அதற்கும் குறைவான நாட்களே போதும். எல்லாம் சாதகமாக இருக்கும்போது ஒரே மாதத்தில் தானியத் துளைப்பான் 20 மடங்கு, மூக்கு வண்டு 25 மடங்கு, சிவப்பு மாவு வண்டு 70 மடங்கு வரை பெருகக்கூடியவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிடங்கில் அப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பத்து வண்டுகளோடு வந்த மூட்டை முதல் மாதம் நன்றாக இருப்பது போலவும், மூன்றாம் மாதம் திடீரென்று கெட்டுப்போனது போலவும் தோன்றுவது ஏன் என்பது இதிலிருந்து புரியும். திடீரென்று எதுவும் நடப்பதில்லை. முதல் இரண்டு மாதம் நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு முறை சலித்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் இதனால்தான் பலிப்பதில்லை. சல்லடையில் பிரிவது வெளியே திரியும் வண்டு மட்டுமே. மணிக்குள் இருக்கும் புழு அப்படியே மூட்டைக்குத் திரும்பிப் போகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த கூட்டம் வெளியே வரும். சலிப்பதானால் அந்த நேரத்தில் இரண்டாம் முறையும் சலிக்க வேண்டும்.

வண்டுக்குப் பின்னால் வரும் பூஞ்சணம்

வண்டு தின்னும் எடை இழப்பைவிட எனக்குப் பெரிய கவலை வேறு ஒன்று. ஒரு மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். வெளியில் குளிர்ந்தும் உள்ளே வெதுவெதுப்பாகவும் இருந்தால் அங்கே ஆயிரக்கணக்கில் பூச்சிகள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். நம்மைப் போலவே அவற்றின் மூச்சிலும் ஈரமும் சூடும் வெளியேறும். மூட்டையின் நடுவே வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் வரைகூட ஏறும். அந்தச் சூட்டில் கிளம்பும் ஈரம் மேற்புறத்துக்கு வந்து குளிர்ந்து படியும். அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

பூஞ்சணங்களில் ஒன்று உண்டாக்கும் நஞ்சுதான் அஃப்ளடாக்சின். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. ஆராய்ந்து பார்த்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சண நஞ்சு என்று தெரிந்தது. அப்போதுதான் இந்த நஞ்சுக்குப் பெயரே வைத்தார்கள். கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, தேங்காய்ப் புண்ணாக்கு என்று நாம் விரும்பி வாங்குபவை எல்லாமே இந்தப் பூஞ்சணத்துக்கும் பிடித்தமானவை.

மாடு இதைத் தின்றால் நஞ்சின் ஒரு பகுதி உருமாறி ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பாலும் தெளிந்துவிடும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் பாலைக் காய்ச்சுவதால் இந்த நஞ்சு போகாது. தீவனத்தைப் புடைத்தாலும் சலித்தாலும் முழுதாகப் போகாது. மாட்டுத் தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேலும், பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் வரம்பு வைத்திருக்கிறார்கள். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு. "கொஞ்சம் பூசணம்தானே, மாடு செரித்துவிடும்" என்று சொல்பவர்கள் இந்த அளவை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பாலை முதலில் குடிப்பது உங்கள் வீட்டுக் குழந்தைதான்.

மாத்திரை வேண்டவே வேண்டாம்

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 'மூட்டைக்கு ஒரு மாத்திரை போட்டால் போதும்' என்று சொல்லிக் கையில் கொடுக்கப்படும் வெள்ளை மாத்திரை, அலுமினியம் பாஸ்பைடு. அது தானே பூச்சியைக் கொல்வதில்லை. காற்றிலும் தானியத்திலும் உள்ள ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு வரும். பூச்சிக்கும் எலிக்கும் மனிதனுக்கும் அந்த வாயு வித்தியாசம் பார்ப்பதில்லை. இதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

நம் கிராம வீடுகளை நினைத்துப் பாருங்கள். தீவன மூட்டை திண்ணையிலோ, படுக்கும் அறைக்கு அடுத்த அறையிலோதான் இருக்கும். பாஸ்பீன் காற்றைவிடச் சற்றுக் கனமானது. கதவிடுக்கு, ஓட்டுச் சந்து, சுவர் விரிசல் எதிலும் புகுந்து வரும். தானிய அறையில் மாத்திரையைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் உறங்கிய குடும்பங்களில் குழந்தைகள் இறந்த செய்திகள் வட மாநிலங்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் என்று தொடங்குவதால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து விடியும்வரை காத்திருந்துவிடுகிறார்கள். பூண்டு அல்லது கெட்ட மீன் போன்ற வாடை வரும் என்று சொல்வார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். வாடை தெரியாத அளவிலும் அது தீங்கு செய்யும்.

சட்டமும் இதை நம் கைக்கு விடவில்லை. அலுமினியம் பாஸ்பைடை அரசு நிறுவனங்களும், உரிய அனுமதி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு வல்லுநர்களும் மட்டுமே பயன்படுத்தலாம். 3 கிராம் மாத்திரை 10, 20 அடங்கிய குழாய்களின் விற்பனை 2001லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆகவே கடைக்காரர் காகிதத்தில் மடித்து இரண்டு மாத்திரை கொடுத்தால் அது அன்பளிப்பல்ல, குற்றம்.

சரி, உயிர்ப் பயத்தை விடுங்கள். வேலையாவது செய்கிறதா என்றால் அதுவும் இல்லை. அரசுக் கிடங்குகளில் மூட்டை அடுக்கை வாயு புகாத விரிப்பால் மூடி, ஓரங்களில் மணல் பாம்புகளை வைத்து அழுத்தி, ஐந்து முதல் ஏழு நாள் அடைத்துவைத்து, பிறகு திறந்து காற்றாட விட்டு, அளந்து பார்த்த பின்பே உள்ளே போகிறார்கள். சாக்கு மூட்டையில் போட்ட மாத்திரையின் வாயு சில மணி நேரத்தில் வீட்டுக்குள் பரவிவிடுகிறது. வெளியே திரியும் வண்டு சாகும். முட்டையும் கூட்டுப்புழுவும் பிழைக்கும். அரைகுறை அளவில் தப்பிப் பிழைத்த பூச்சியின் வாரிசுகள் அடுத்த முறை முழு அளவுக்கும் சாவதில்லை. பாஸ்பீனுக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற மாவு வண்டும் தானியத் துளைப்பானும் நம் நாட்டிலேயே பதிவாகியிருக்கின்றன.

வீட்டில் ஏற்கனவே மாத்திரை வாங்கி வைத்திருந்தால் அதைத் திறக்காதீர்கள். தண்ணீரில் கரைத்துக் கொட்டவும் கூடாது. தண்ணீர் பட்டால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும், தீயும் பிடிக்கலாம். ஈரம் படாத, ஆள் படுக்காத, பூட்டிய கொட்டகையில் வைத்துவிட்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லுங்கள். மாத்திரை போட்ட அறைக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு உடம்பு முடியாமல் போனால், எல்லாரும் உடனே வெளியேறித் திறந்த வெளிக்கு வாருங்கள். 108ஐ அழையுங்கள். மருத்துவரிடம் 'அலுமினியம் பாஸ்பைடு' என்ற பெயரை மறைக்காமல் சொல்லுங்கள். சட்டத்துக்குப் பயந்து மறைத்தால் போவது உயிர்.

பொடி மருந்தின் பழைய கடன்

மூட்டைகளைச் சுற்றிப் பொடி மருந்து தூவுவது நம் அப்பா, தாத்தா காலத்துப் பழக்கம். பி.எச்.சி. பொடியை எறும்புக்கும் தூவினார்கள், நெல் மூட்டைக்கும் தூவினார்கள். அதன் விளைவு என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 12 மாநிலங்களில் 2,205 பால் மாதிரிகளைச் சோதித்து 1993ல் முடிவை வெளியிட்டது. நூற்றுக்குச் சுமார் 85 மாதிரிகளில் பி.எச்.சி. எச்சமும், 82 மாதிரிகளில் டி.டி.டி. எச்சமும் இருந்தன. மாட்டுக்கு யாரும் நேராக மருந்து ஊட்டவில்லை. வைக்கோல், தவிடு, புண்ணாக்கு வழியாகத்தான் போயிருக்க வேண்டும். பி.எச்.சி.யை 1997ல் தடை செய்தார்கள். கிடங்குகளில் அதிகம் புழங்கிய டைகுளோர்வாஸ் 2020 முடிவோடு தடைக்குள் வந்துவிட்டது. ஒவ்வொன்றாகத் தடை வரும்போது அடுத்த பொடி எது என்று தேடுவதைவிட, பொடியே தேவைப்படாத சேமிப்புக்கு மாறுவது நல்லது.

நொச்சி, வேப்பிலை, வசம்பு பற்றியும் கேட்கிறார்கள். வேம்பும் நொச்சியும் பூச்சியைக் கொஞ்சம் விரட்டும். சுத்தமான, காய்ந்த தானியத்தில் வைத்தால் பயன் உண்டு. ஏற்கனவே வண்டு புகுந்த மூட்டையின் மேல் நாலு கொத்து வேப்பிலை வைப்பதால் ஒன்றும் நடக்காது. பச்சை இலையாக வைத்தால் ஈரம்தான் கூடும். நிழலில் காய்ந்த இலையாக இருக்கட்டும். வசம்புப் பொடியை விதைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீவனத்தில் கலக்க வேண்டாம்.

உப்பும் பாட்டிலும்

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஈரம். மக்காச்சோளம் அறுவடையின்போது 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு இருக்கும். அதை 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் பூஞ்சணம் வராது, பூச்சியும் மெதுவாகத்தான் பெருகும். இன்னும் காயக் காயப் பூச்சிக்குக் கஷ்டம்தான்.

ஈரமானி எல்லாரிடமும் இருக்காது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. மூடியுள்ள கண்ணாடி பாட்டில் ஒன்றை நன்றாகக் காயவைத்துக்கொள்ளுங்கள். கால் பாகம் தானியம் போட்டு, வெயிலில் காய்ந்த தூள் உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து மூடி, ஒரு நிமிடம் குலுக்கிவிட்டுக் கால் மணி நேரம் வைத்திருங்கள். உப்பு பாட்டிலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டால் தானியத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. ஒட்டவில்லை என்பதற்காக 12க்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் பிறகும் இரண்டு நாள் நல்ல வெயில் காட்டுங்கள். பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் ஒரு பாட்டிலும் ஒரு உப்புப் பொட்டலமும் பையில் வைத்திருந்தால், களத்திலேயே செய்து காட்டிவிடலாம். பத்து நிமிடப் பேச்சைவிட அது நன்றாக மனதில் நிற்கும்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் தை மாதத்தில் மக்காச்சோளம் வந்து குவியும்போது தார்ச்சாலையில் காயவைப்பதைப் பார்க்கிறோம். சாலை சூடாக இருப்பதால் சீக்கிரம் காயும் என்பது சரிதான். ஆனால் வண்டிச் சக்கரம் ஏறி உடைந்த மணிதான் மாவு வண்டுக்கு முதல் விருந்து. விபத்து வேறு நடக்கிறது. தார்ப்பாய் விரித்துக் களத்திலேயே காயவைக்கலாம். இன்னொன்று, சுடச்சுட அள்ளி மூட்டையில் கட்டிவிடாதீர்கள். சூடு தணிந்த பிறகு கட்டினால்தான் உள்ளே வேர்க்காது.

காய்ந்த தானியம் அப்படியே இருந்துவிடும் என்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நிற்கும்போது, சாக்கில் இருக்கும் மக்காச்சோளம் அந்த ஈரத்தை உறிஞ்சி 15 சதவீதத்துக்கு மேல் போய்விடும். வெயில் காலத்தில் நன்றாக இருந்த தீவனம் அடைமழையில் கெடுவது இதனால்தான். மழைக்கு முன் இருப்பைக் குறைத்துக்கொள்வதும், இருப்பதைக் காற்றுப் புகாமல் வைப்பதுமே வழி.

காற்றில்லாத டிரம்

ஒரு மாட்டுக்கு, இரண்டு மாட்டுக்குத் தீவனம் வைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மூடியும் பூட்டு வளையமும் உள்ள நீல பிளாஸ்டிக் டிரம். முன்பு மருந்தோ ரசாயனமோ இருந்த டிரம்மாக இருக்கக் கூடாது. நன்கு காய்ந்த மணியை விளிம்பு வரை நிரப்பி இறுக மூடுங்கள். உள்ளே பூச்சி இருந்தால் அது மூச்சு விட்டு விட்டு ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட்டுத் தானே சாகும். பாதி டிரம் காலியாக இருந்தால் அங்கே இருக்கும் காற்றே பூச்சிக்குப் பல வாரம் போதும். தினமும் திறந்து அள்ளினாலும் பலன் இல்லை. அன்றாடத்துக்குச் சிறு டிரம் ஒன்று, சேமிப்புக்குப் பெரிய டிரம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே தத்துவத்தில்தான் மூன்று அடுக்குப் பைகள் வந்திருக்கின்றன. உள்ளே இரண்டு தடித்த பாலித்தீன் பை, வெளியே நெய்த பிளாஸ்டிக் சாக்கு. ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டு விவசாயிகளின் தட்டைப்பயற்றை வண்டிலிருந்து காப்பாற்றுவதற்காக அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கியவை அவை. எலி கடித்து ஓட்டை போட்டால் எல்லாம் வீண் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஈரமான தானியத்தை டிரம்மிலோ இந்தப் பையிலோ அடைத்தால் புளித்துக் கெட்டுவிடும். காயவைக்கும் வேலைக்கு இவை மாற்றல்ல.

மூட்டையாகத்தான் வைக்க முடியும் என்றால், சிமெண்டுத் தரையில் நேராக வைக்காதீர்கள். தரையிலிருந்து ஈரம் ஏறும். மரச்சட்டம் அல்லது மூங்கில் தட்டி போட்டு, சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி அடுக்குங்கள். சுற்றி வந்து பார்க்க இடம் வேண்டும், கூட்ட இடம் வேண்டும். மூலையில் இரண்டு கிலோ பழைய தவிடு சிந்திக் கிடந்தால் புதிய சரக்குக்கான வண்டு அங்கேதான் காத்திருக்கிறது. பழைய சாக்கின் தையல் மடிப்பும் அப்படித்தான். சாக்கை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி உதறி, கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் அமிழ்த்தி, கடும் வெயிலில் காயவைத்தால் முட்டை உட்பட எல்லாம் ஒழியும். புதிய மூட்டையைப் பழையதன் மேல் அடுக்கி, மேலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் அடி மூட்டை ஒரு வருடம் கிடக்கும். பழையது முதலில் வெளியேற வேண்டும். மூட்டையில் தேதியைக் கரியால் எழுதிவைக்க ஒரு நிமிடம் போதும்.

பெரிய பண்ணைக் கிடங்கு வைத்திருப்பவர்கள் சரக்கு முழுதும் தீர்ந்து காலியானபின், சுவருக்கும் தரைக்கும் மாலத்தியான் 50 இ.சி. மருந்தை லிட்டருக்கு 10 மில்லி கலந்து, 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் கரைசல் வீதம் தெளிக்கலாம். நன்கு உலர்ந்து காற்றாடிய பிறகே சரக்கை ஏற்ற வேண்டும். சரக்கு இருக்கும்போது தெளிக்கக் கூடாது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் கிடங்கோடு எருக்குழியையும் பார்க்க வேண்டும். சிந்திய தீவனத்திலும் எச்சத்திலும் வளரும் கறுப்பு வண்டும் அதன் புழுவும் நோய்க்கிருமிகளைக் கொட்டகைக்குக் கொட்டகை கொண்டுபோகும்.

வண்டு விழுந்த மூட்டையை என்ன செய்வது?

முதலில் முகர்ந்து பாருங்கள். பூசண வாடை, பச்சை அல்லது கறுப்புப் படலம், கட்டி தட்டிய தவிடு இருந்தால் அந்த மூட்டை யாருக்கும் தீவனம் அல்ல. மாட்டுக்கு வேண்டாம் என்று கோழிக்கோ வாத்துக்கோ கொட்டுவது இன்னும் மோசம். இந்த நஞ்சுக்கு மாட்டைவிட வாத்தும் கோழிக்குஞ்சும்தான் சீக்கிரம் சாகும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். கறவை மாட்டின் ஈரலோடு ஒப்பிட்டால் மூட்டையின் விலை குறைவு.

பூசணம் இல்லாமல் வண்டு மட்டும் இருந்தால் காப்பாற்றலாம். அந்த மூட்டையை மற்றவற்றிலிருந்து உடனே தள்ளிக் கொண்டுபோய், வெளியில் வைத்துச் சலியுங்கள். விழும் வண்டும் புழுவும் வீட்டுக் கோழிக்கு நல்ல புரதம். அறைக்குள்ளேயே சலித்தால் வண்டை மற்ற மூட்டைகளுக்கு நீங்களே அனுப்பிவைத்தது போல ஆகும்.

அடுத்து வெயில் வைத்தியம். கறுப்பு பாலித்தீன் விரிப்பின் மேல் தானியத்தை ஒரு அங்குலம் கனத்தில் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற தெளிந்த பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களைக் கல்லோ மண்ணோ வைத்து அடைத்துவிடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தொடும். காலை 10 மணிக்குப் பரப்பி மாலை 3 மணிக்கு எடுத்தால் மணிக்குள் இருக்கும் புழுவும் செத்துவிடும். வெறும் வெயிலில் திறந்து காயவைத்தால் வண்டு நிழலைத் தேடி ஓடிப்போய், மாலையில் திரும்பி வரும். விதைக்கு எடுத்துவைத்த தானியத்துக்கு இந்த முறை வேண்டாம், முளைப்புத்திறன் குறையலாம். வைட்டமின் கலந்த கம்பெனித் தீவனத்துக்கும் இது ஒத்துவராது. அதைச் சலித்து, ஆறு ஏழு நாளில் தீர்த்துவிடுவதே நல்லது.

குழல் பொறி

வண்டு இருக்கிறதா இல்லையா என்று முன்கூட்டியே அறிய, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த குழல் பொறி கைகொடுக்கும். 2 மில்லிமீட்டர் துளைகள் போட்ட ஒரு குழாய், அதன் கீழே ஒரு கூம்பு, அவ்வளவுதான். தானியத்தில் செங்குத்தாகச் செருகிவைத்தால், காற்றை நாடிப் போகும் வண்டு துளை வழியாக உள்ளே புகுந்து கூம்பில் விழும். மேலே ஏறி வர முடியாது. 25 கிலோ கொள்ளும் பாத்திரத்துக்கு இரண்டு மூன்று பொறி போதும். வாரம் ஒரு நாள் கூம்பைக் கழற்றி எண்ணுங்கள். முதல் இரண்டு வாரத்தில் ஒன்றோ இரண்டோ விழும்போதே சலித்து வெயிலில் போட்டுவிட்டால், மேலே சொன்ன 70 மடங்குக் கணக்கு தொடங்கவே தொடங்காது. கிடங்குகளுக்குப் புற ஊதா விளக்குப் பொறியும் அவர்களிடம் உண்டு. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் மூலைகளில் வைக்க வேண்டும். மகளிர் குழுக்களும் பால் உற்பத்தியாளர் சங்கங்களும் பொதுவில் சில குழல் பொறிகளை வாங்கி வைத்துக்கொண்டு, சுற்றில் விட்டு எடுத்துப் பயன்படுத்தலாம்.

கடையில் தீவனம் வாங்கும்போதும் ஒரு நிமிடம் செலவிடுங்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள். மூட்டையின் வாய்த் தையலை விரலால் பிரித்து மடிப்புக்குள் பாருங்கள், மாவு வண்டு இருந்தால் அங்கேதான் பதுங்கியிருக்கும். புண்ணாக்கை உடைத்து உள்ளே முகர்ந்து பாருங்கள். வண்டோ வாடையோ இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்காமல் மூட்டையையே மாற்றிக் கேளுங்கள்.